கடற்படையில் ஏடிசி அதிகாரி ஆவது எப்படி: நீலகிரிப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

மே மாதம் சீசன் சூடுபிடித்ததும் நீலகிரியில் ஒரு ஏற்பாடு நடக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் சுற்றுலா வண்டிகளுக்குக் குன்னூர் வழி. இறங்குவதற்குக் கோத்தகிரி வழி. பாதை குறுகல், வண்டி ஏராளம், ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே கொண்டை ஊசியில் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, சுருக்கமாக ஏடிசி, அடிப்படையில் இந்த வேலைதான். வித்தியாசம் இரண்டு. வானத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த முடியாது. கடலிலோ, போய்ச் சேர வேண்டிய ஊரே நகர்ந்துகொண்டிருக்கும்.

நான் கடற்படையில் மாலுமியாக, ரேடார் பிரிவில் 15 ஆண்டு வேலை பார்த்துவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியவன். அதிகாரியாக இருந்ததில்லை; அதிகாரிகளின் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே வேலை செய்தவன். சுற்று வட்டார ஹட்டிகளிலிருந்து பிள்ளைகள் வந்து, "அண்ணா, கப்பல்ல ஏடிசி வேலைக்கு எப்படிப் போறது?" என்று கேட்பதுண்டு. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் ராணுவம் என்றால் வெலிங்டன், வெலிங்டன் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட். கடற்படை யார் நினைவுக்கும் வராது. ஆனால் அதே வெலிங்டனின் ஸ்டாஃப் காலேஜுக்கு ஆண்டுதோறும் கடற்படை அதிகாரிகளும் படிக்க வருகிறார்கள். கோவை ரெட் ஃபீல்ட்ஸில் ஐஎன்எஸ் அக்ரானி என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லவா? இன்று கோவாவில் இருக்கும் ஐஎன்எஸ் ஹன்ஸா என்ற கடற்படை விமானத் தளம் 1961-இல் தொடங்கப்பட்டது நம் மலைக்குக் கீழே, சூலூரில். 1964-இல்தான் அது டபோலிமுக்கு இடம் மாறியது. கடற்படை நமக்கு அத்தனை தூரம் இல்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விடுங்கள்

"கப்பல் ஏடிசி" என்று தனியாக ஒரு வேலைக்கு இந்தியாவில் ஆள் எடுப்பதில்லை. கடற்படையின் நிர்வாகப் பிரிவில் ஏடிசி அதிகாரியாகச் சேர்கிறீர்கள். பணிக்காலத்தின் பெரும்பகுதி கரையில், கடற்படை விமானத் தளங்களின் கோபுரத்திலும் ரேடார் அறையிலும்தான். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்ஸா, விசாகப்பட்டினத்தில் டேகா, இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் உத்குரோஷ், கிரேட் நிக்கோபாரில் பாஸ். (இரண்டு தளத்துக்குத் தமிழ்ப் பறவைப் பெயர். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.) டபோலிமில் கடற்படையின் ஓடுதளத்தையே பயணிகள் விமானங்களும் பயன்படுத்துவதால், சுற்றுலா போகிறவர்களின் விமானத்துக்கும் கடற்படை ஏடிசிதான் வழி சொல்கிறது.

விமானந்தாங்கிக் கப்பல்கள் நம்மிடம் இரண்டே: 2013 நவம்பரில் சேர்ந்த விக்ரமாதித்யா, கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-இல் சேர்ந்த விக்ராந்த். இரண்டு கப்பலில் எத்தனை நாற்காலி இருந்துவிடும்? கப்பலுக்குப் போவது ஆசையாக இருக்கட்டும், நிபந்தனையாக வேண்டாம். கரை வேலை பிடிக்காதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பேன்.

கடலில் அந்த வேலை எப்படி நடக்கிறது

இந்தியக் கடற்படையின் உள் நடைமுறைகளை நான் எழுதுவது சரியல்ல. அமெரிக்கக் கடற்படையின் முறை அச்சில் எல்லோருக்கும் கிடைப்பதால் அதை வைத்துச் சொல்கிறேன். அடிப்படை எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்.

அவர்கள் வானிலையை மூன்றாகப் பிரிக்கிறார்கள். மேகம் 3,000 அடிக்கு மேல், பார்வை 5 கடல் மைலுக்குக் குறையாமல் இருந்தால் முதல் வகை. விமானிகள் கண்ணால் பார்த்தே வரிசையாக வந்து இறங்கலாம், ரேடியோவில் பேச்சே அதிகம் இருக்காது. மேகம் 1,000 அடி வரை இறங்கினால் இரண்டாம் வகை. அதற்கும் கீழே இறங்கிவிட்டால், அல்லது இரவானால், மூன்றாம் வகை. கட்டுப்பாட்டாளரின் கைக்கு முழு வேலை வருவது அப்போதுதான்.

நான்கு போர் விமானங்கள் இருட்டில் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கப்பலுக்குப் பின்புறம் அவற்றை மாடி மாடியாக அடுக்குவார்கள். 6,000 அடியில் ஒன்று, 7,000-இல் ஒன்று, 8,000, 9,000. தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: உயரத்தின் ஆயிரத்தோடு 15-ஐக் கூட்டு. 6,000 அடிக்காரர் 21 மைலில், 7,000 அடிக்காரர் 22 மைலில் வட்டமடிப்பார். ஒவ்வொருவருக்கும் கிளம்ப வேண்டிய நிமிடம் சொல்லப்படும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஒரே நிமிடம். முதல் ஆள் 20 விநாடி பிந்தினால் பின்னால் இருக்கும் மூவரின் கணக்கும் கலையும். அதை மனதுக்குள்ளேயே சரிசெய்து, குரலில் எதையும் காட்டாமல் புதிய எண்ணைச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே கப்பல் சும்மா நிற்காது. விமானம் இறங்க எதிர்க்காற்று வேண்டும். (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.) 10 நாட் காற்றுக்கு எதிராகக் கப்பல் 20 நாட் வேகத்தில் ஓடினால் தளத்தின் மேல் 30 நாட் காற்று. விமானம் தளத்தைத் தொடும் வேகத்தில் அவ்வளவு குறையும். ஆகவே இறக்க வேண்டிய நேரத்தில் கப்பல் காற்றுப் பக்கம் திரும்பி ஓடும். 20 நாட் என்றால் அரை மணியில் 10 கடல் மைல், அதாவது சுமார் 18.5 கிலோமீட்டர். விமானி அரை மணி முன்பு கப்பலைக் குன்னூரில் விட்டுப் போனார் என்றால் திரும்பும்போது அது ஊட்டி மார்க்கெட்டில் நிற்கிறது! ரேடியோவில் கப்பலுக்கு 'மதர்' என்று பெயர். அம்மா இப்போது எங்கே, எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறாள் என்பதைச் சொல்வது கட்டுப்பாட்டாளர் பொறுப்பு.

இறங்கும் இடமோ சின்னது. அரக்கோணம் ஓடுதளம் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் ஏறக்குறைய 90 மீட்டருக்குள், இரண்டரை விநாடியில் பூஜ்யமாகும். பிடிக்காமல் போகலாம் என்பதால், சக்கரம் தொட்ட உடனே விமானி எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுவார். கொக்கி தவறினால் அப்படியே பறந்து மேலே போய்விடுவார். அதற்குப் போல்ட்டர் என்று பெயர். அவரை மறுபடி வரிசையில் எங்கே செருகுவது? அவருக்கு எரிபொருள் எவ்வளவு மிச்சம்? கரைக்குப் போய்ச் சேரப் போதுமான அளவு மட்டும் இருக்கும் கட்டத்தைப் பிங்கோ என்பார்கள். அதற்கு முன்பே முடிவு எடுத்தாக வேண்டும். கரை எட்டாத் தூரமென்றால் அந்த முடிவும் கையில் இல்லை.

கடைசி முக்கால் மைலில் கட்டுப்பாட்டாளர் பேச்சை நிறுத்திக்கொள்வார். தளத்தின் ஓரத்தில் நின்று பார்த்து விமானத்தை இறக்கும் அதிகாரி, சுருக்கமாக எல்எஸ்ஓ, அவரும் ஒரு விமானிதான், பொறுப்பை எடுத்துக்கொள்வார். இத்தனை நேரம் கைபிடித்துக் கூட்டி வந்த ஆளை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பேசுவதைவிட அது கஷ்டம் என்று ஒரு அதிகாரி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மூடுபனி பற்றி மலைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வந்த ஹெலிகாப்டர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததை நாம் மறக்கவில்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தப்பியதே காரணம் என்று விசாரணை சொன்னது. மேகத்துக்குள் போன மனிதனுக்குத் தன் காதும் உடம்பும் பொய் சொல்லும்; கருவிகளையும் வெளியிலிருந்து வரும் குரலையும்தான் நம்ப முடியும். அந்தக் குரலாக இருக்கத்தான் இந்த வேலை.

பத்தாம் வகுப்பிலேயே கதவு திறக்கிறது, அல்லது மூடுகிறது

பிள்ளைகள் என்னிடம் வருவது பெரும்பாலும் இன்ஜினியரிங் கடைசி ஆண்டில். அப்போது மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தால் பாதிப் பேருக்கு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். அதனால் பெற்றோர் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

குறுகிய காலப் பணி என்ற திட்டத்தில் ஏடிசி அதிகாரியாக, பி.இ. அல்லது பி.டெக். எந்தப் பாடப்பிரிவானாலும் 60 சதவீதம் வேண்டும். கூடவே பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மொத்தத்தில் 60 சதவீதம். ஆங்கிலத்தில், பத்திலோ பன்னிரண்டிலோ, 60 சதவீதம். கடைசி நிபந்தனையில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். கணக்கில் 95 எடுத்த பையன் இரண்டு வகுப்பிலும் ஆங்கிலத்தில் 56, 58 என்று நின்றிருப்பான். நான்கு ஆண்டு படிப்பு முடிந்தபின் அதைத் திருத்த முடியாது.

எழுத்துத் தேர்வு கிடையாது. வந்த விண்ணப்பங்களைப் பட்ட மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களை எஸ்எஸ்பி என்ற படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். பி.இ. மாணவர்களுக்கு முதல் ஐந்து செமஸ்டர் மதிப்பெண் கணக்கில் வரும். "ஃபர்ஸ்ட் இயர்தானே, அரியர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு இங்கே செல்லாது. அறுபது என்பது வாசல்படி மட்டுமே. கூப்பிடுவார்கள் என்று நம்ப எழுபதுக்கு மேல் வைத்திருப்பது நல்லது. இது என் கணிப்பு, விதி அல்ல.

கல்லூரியில் என்சிசி இருந்தால் சேருங்கள். குறைந்தது 'பி' கிரேடோடு 'சி' சான்றிதழ் இருந்தால் எஸ்எஸ்பி அழைப்புக்கான கட்-ஆஃபில் 5 சதவீதம் தளர்வு உண்டு. கேத்தியில் படித்தாலும் கோவையில் படித்தாலும் இது பொது.

வயது சுமார் 25-க்குள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வோர் அறிவிப்பிலும் போடுவார்கள். ஒரு நாள் தள்ளியிருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மணமாகாதவராக இருக்க வேண்டும். ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம்.

காதையும் வாயையும் பழக்குங்கள்

இதற்கு கோச்சிங் சென்டர் வேண்டாம். ஒரு தம்பியோ தங்கையோ போதும்.

1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் அருகே ஒரு சரக்கு விமானம் மலைச்சரிவில் மோதி உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்: "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ". விமானிகள் அந்த 'டூ'வை எண்ணாக எடுக்காமல் 'டு' என்று எடுத்து 400 அடி என்று புரிந்துகொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பியும் சொன்னார்கள். அதை யாரும் திருத்தவில்லை. குறில் நெடில் பார்த்துப் பழகிய தமிழனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதனால்தான் ரேடியோவில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும் வழக்கம். ரீட்பேக். ஐந்தும் ஒன்பதும் குழம்பாமல் இருக்க 'ஃபைஃப்', 'நைனர்' என்பார்கள், மூன்றுக்கு 'ட்ரீ'. எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி. வீட்டில் இப்படிச் செய்யுங்கள்: ஒருவர் ஒரு திசை, ஓர் உயரம், ஒரு வேகம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், மற்றவர் எழுதாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்து முறைக்கு ஒரு முறை வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்லி முதல் ஆள் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். பின்னணியில் டிவி ஓடட்டும். பிரஷர் குக்கர் விசில் அடிக்கட்டும். கப்பலின் கட்டுப்பாட்டு அறை ஒன்றும் தியான மண்டபம் அல்ல.

மனக்கணக்குக்கு மூன்று சூத்திரம் போதும், பஸ்ஸில் போகும்போது பழகலாம். 120 நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு இரண்டு மைல். அப்போது 14 மைல் போக ஏழு நிமிடம். வழக்கமான மூன்று டிகிரி இறக்கத்தில் மைலுக்குச் சுமார் 300 அடி இறங்க வேண்டும். ஐந்து மைலில் இருப்பவர் 1,500 அடியில் இருக்க வேண்டும், 2,200-இல் இருந்தால் ஏதோ சரியில்லை. அறுபது மைல் தூரத்தில் ஒரு டிகிரி தவறினால் ஒரு மைல் விலகல். இந்த மூன்றும் யோசிக்காமல் வர வேண்டும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டைலான ஆங்கிலம் தேவையே இல்லை; குறைவான சொல்லில், ஒரே வேகத்தில், விழுங்காமல் பேசுவதுதான் தேவை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்குகிறார்கள். செய்தித்தாளை ஒரு பக்கம் சத்தமாக வாசித்து, போனில் பதிவு செய்து, நீங்களே கேளுங்கள். முதல் நாள் வெட்கமாக இருக்கும்.

தண்ணீர், கண், பல்

ஓட்டத்தில் மலைப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள முடியாது. ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரத்தில் ஏறி இறங்கி வளர்ந்த நுரையீரல். ஆனால் நீச்சல்? ஊட்டி ஏரியில் படகு விட்டிருப்போம், இறங்கியிருக்க மாட்டோம். அகாடமியில் நீச்சல் கட்டாயம். தெரியாதவர்களுக்குக் கற்றுத் தருவார்கள்தான். ஆனால் தண்ணீர் பயத்தோடு போகிறவருக்கு அந்த மாதங்கள் நரகம். கல்லூரி விடுமுறையில் கோவையில் ஒரு நீச்சல் குளத்தில் மாதச் சந்தா கட்டிப் பழகிவிடுங்கள். வெயிலும் அப்படித்தான். ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த உடம்பு கேரளக் கடற்கரைப் புழுக்கத்தில் முதல் இரண்டு வாரம் திணறும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வரும் அந்தத் தலைவலி ஞாபகம் இருக்கிறதல்லவா, அது.

நிறக்குருடும் மாலைக்கண்ணும் இருந்தால் இந்தப் பணிக்கு எடுக்க மாட்டார்கள். ரேடியோ செத்துப்போன விமானத்துக்குக் கோபுரத்திலிருந்து விளக்கால்தான் பேச முடியும்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடி. சிவப்பு பச்சை பிரித்தறியாத கண் அங்கே ஆபத்து. பள்ளியில் படிக்கும்போதே ஒரு கண் மருத்துவரிடம் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. கண்ணாடி போடுகிறவர்கள் அந்தந்த அறிவிப்பில் உள்ள பார்வை அளவைப் பாருங்கள். அதை வாசிக்காமல் யாரோ சொன்னார்கள் என்று லேசர் சிகிச்சைக்கு ஓடாதீர்கள்.

மருத்துவச் சோதனைக்கு முன் காதில் உள்ள அழுக்கையும் பல் காரையையும் எடுத்துவிட்டுப் போகச் சொல்லி அறிவிப்பிலேயே இருக்கும். பச்சை குத்துவதில் கட்டுப்பாடு உண்டு: முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறெங்கும் கூடாது. வழக்கப்படி பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு இதில் தனித் தளர்வு இருக்கிறது. தோடர் மந்துகளில் இதைச் சொல்லிவையுங்கள்.

விண்ணப்பம்

வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிப்பு வரும். கடற்படையின் 'ஜாயின் இந்தியன் நேவி' இணையதளத்தில் நேரடியாகப் போடலாம், கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு "சீட்" வாங்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எம். பெள்ளி', ஆதாரில் 'பெள்ளி எம்', கல்லூரியில் 'பெள்ளி மாதன்' என்று மூன்று விதமாக இருக்கும். மற்ற மாநிலங்களில் இனிஷியல் பழக்கம் குறைவு என்பதால் சரிபார்க்கும் இடத்தில் கேள்வி வரும். என் மகனுக்கு ஒரே ஒரு எழுத்தைத் திருத்த ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் நடந்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஆதாரமாக வைத்து மற்றதையெல்லாம் அதன்படி மாற்றுங்கள், அதுவும் விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே.

எஸ்எஸ்பி: ஐந்து நாள்

பெங்களூரு, போபால், விசாகப்பட்டினம், கொல்கத்தா ஆகிய இடங்களில் நடக்கும். பெங்களூரு கிடைத்தால் பக்கம்தான் என்று கூடலூர் வழியாக ராத்திரி கிளம்பத் திட்டமிடாதீர்கள். பந்திப்பூர்க் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு, விதிவிலக்குப் பெற்ற சில பஸ்கள் மட்டுமே போகும். முந்தைய நாள் பகலிலேயே போய்ச் சேருங்கள். குறுகிய காலப் பணித் திட்டத்தில் முதல் முறை போகிறவருக்கு மூன்றாம் வகுப்பு ஏசி ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு.

முதல் நாள் வடிகட்டல். அறிவுத்திறன் கேள்விகள், ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லிக் குழுவாகப் பேசவிடுவது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. நின்றவர்களுக்கு அடுத்து உளவியல் சோதனைகள்: 12 படத்துக்குக் கதை, அதில் ஒன்று வெறும் வெள்ளைத் தாள், 60 சொல்லுக்கு ஒவ்வொரு வாக்கியம், சொல்லுக்கு 15 விநாடி, 60 சூழ்நிலையில் என்ன செய்வீர்கள் என்ற பதில், மொத்தம் அரை மணி நேரம். பிறகு இரண்டு நாள் வெளியே குழுப் பணிகள், ஒரு நேர்காணல், ஐந்தாம் நாள் தேர்வாளர்கள் கூடி முடிவெடுக்கும் மாநாடு.

பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்த "வீரக் கதைகளை" எழுதாதீர்கள். நூறு பேர் அதே கதையை எழுதுவார்கள். மரம் விழுந்து ரோடு அடைபட்ட மழை நாளில் பஸ்ஸில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்தபோது யார் என்ன முடிவெடுத்தார்கள்? மலையில் வளர்ந்தவருக்கு இப்படி நிஜமாகவே எத்தனையோ நடந்திருக்கும். அதைச் சொல்லுங்கள். குழுப் பேச்சில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு சத்தம் போடுவதல்ல, மௌனம். வடக்கத்திப் பையன்கள் முந்திக்கொண்டு பேசும்போது ஒதுங்கி நிற்பார்கள். மூன்று முறை பேசினால் போதும், ஆனால் மூன்றும் அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கிய பதிலாக இருக்க வேண்டும். ஏடிசிக்கு வரப்போகிறவரிடம் அவர்கள் தேடுவதே அந்தக் காதைத்தான் என்பது என் எண்ணம்.

எழிமலை முதல் கோபுரம் வரை

தேர்வானவர்கள் சப் லெப்டினன்ட் பதவியில் சேர்ந்து, கேரளத்தின் எழிமலையில் 2009-இல் திறக்கப்பட்ட இந்தியக் கடற்படை அகாடமிக்குப் போவார்கள். கோவையிலிருந்து மங்களூர் ரயிலில் பையனூரில் இறங்கினால் பக்கம். அங்கே கடற்படை வாழ்க்கை. தொழில் படிப்பு அதன் பிறகு, ஹைதராபாத் அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியிலும் கடற்படைத் தளங்களிலும்.

பயிற்சியில் பலரும் பயப்படும் பகுதி ரேடாரைப் பார்த்து விமானத்தைப் பேசிப் பேசியே இறக்குவது. கடைசிக் கட்டத்தில் விமானியிடம் "இனி பதில் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்: சற்று இடது, பாதைக்கு மேலே இருக்கிறீர்கள், இப்போது சரியான பாதையில். ஐந்து விநாடி இடைவெளி விழுந்தாலே ரேடியோ போய்விட்டதென்று விமானி எடுத்துக்கொள்வார். பதிலே வராத ஒருவரிடம் நிதானமாகப் பேசிக்கொண்டே இருப்பது பழகினால்தான் வரும்.

பிறகு கோபுரத்தில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனியாகத் தேறி, மெல்ல மேலே வர வேண்டும். ஒரு தளத்தில் தேறியவர் அடுத்த தளத்துக்கு மாறினால் அந்த ஊரின் காற்று, மலை, கொக்குக் கூட்டம் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். கப்பல் வாய்ப்பு வந்தால் இந்த அனுபவத்தின் மேல்தான் வரும்.

சம்பளம், காலம், அதற்குப் பிறகு

ஏழாவது சம்பளக் குழுப்படி சப் லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும். ராணுவப் பணி ஊதியம் 15,500. அகவிலைப்படியும் மற்ற படிகளும் தனி. நல்ல சம்பளம்தான். ஆனால் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: குறுகிய காலப் பணி நீட்டிப்போடு சேர்த்து அதிகபட்சம் 14 ஆண்டு. அதோடு வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதில் அடுத்த வேலை தேட வேண்டியிருக்கும். சம்பளம் வரும் காலத்திலேயே சேர்த்து வையுங்கள்.

நிரந்தரப் பணிக்கு மாறும் வாய்ப்பும் உண்டு. பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தரப்பட வேண்டும் என்று 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லெப்டினன்ட் கமாண்டர் ஆனி நாகராஜா உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கு அது. "பொண்ணைக் கடலுக்கு அனுப்பறதா?" என்று கேட்ட ஓர் அக்காவிடம் நான் இதைத்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கல்யாணம் ஆனா எந்த ஊர்ல இருப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு ஊர் மாறும். கணவனும் மனைவியும் வேறு வேறு ஊரில் இருக்கும் காலமும் வரும். ஆண் பிள்ளையைப் பெற்றவர்களும் இதைக் கேட்க வேண்டும், கேட்பதில்லை.

தகுதி அமையாதவர்களுக்கு வேறு இரண்டு கதவு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் பதினேழரை முதல் 21 வயதுக்குள் அக்னிவீர் மாலுமியாகலாம். ஒடிசாவின் ஐஎன்எஸ் சில்காவில் பயிற்சி, நான்கு ஆண்டுப் பணி, 25 சதவீதம் பேர் வரை தொடரலாம். ரேடார் பிரிவோ, தளத்தில் விமானங்களை நகர்த்தும் பிரிவோ கிடைத்தால் இந்த வேலையின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் இருப்பீர்கள். இன்னொன்று, சீருடை இல்லாத ஏடிசி. இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி. அல்லது இன்ஜினியரிங் முடித்து 27 வயதுக்குள் இருப்பவர்களை இந்திய விமான நிலைய ஆணையம் எழுத்துத் தேர்வு வைத்து எடுக்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதுவே நேர்வழி என்று நினைக்கிறேன்.

கடற்படையில் கோபுர அனுபவத்தோடு வெளியே வருபவர்களும் இந்த ஆணையத்தின் வேலைகளைக் கவனித்து வரலாம், முன்னாள் படைவீரர்களுக்கான வயதுத் தளர்வையும் சேர்த்துப் பார்த்து. அதில் கோவை பீளமேடு விமான நிலையம் அமைந்துவிட்டால் ரொம்ப நல்லது. காலை ஷிப்ட் முடித்துக் கிளம்பினால் மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் கோத்தகிரிக்கு வந்துவிடலாம். சீசனாக இருந்தால் குன்னூர் சுற்றித்தான் ஏற வேண்டியிருக்கும்.